இரவல் வலி

செவிலியர் முதுநிலைப் படிப்பில் இரண்டாம் வருஷம் தொடங்கியதும் ஒவ்வொரு மாணவியும் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் ஒரு வலியை இரவல் வாங்கி வர வேண்டும். முன்பெல்லாம் மாணவிகளையே கிராமத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தங்க இடமில்லை, கக்கூஸ் இல்லை, போனுக்கு சிக்னல் இல்லை என்று புகார் வந்துகொண்டே இருந்தது. கல்லூரி கிராமத்துக்குப் போவதைவிட கிராமத்தின் வலி கல்லூரிக்கு வந்துவிடுவது எல்லோருக்கும் சௌகரியம் என்று பிறகு முடிவானது. நோயை எடுத்துவர முடியாது, அது உடம்போடு ஒட்டியது. வலி அப்படியில்லை. பக்குவமாகக் கேட்டால் கழன்று வந்துவிடும்.

எந்த ஊருக்குப் போவது என்று அமலோற்பவம் யோசிக்கவே இல்லை. நொச்சியோடையில்தான் அவள் இத்தனை காலமும் கிராம செவிலியராக இருந்தாள். ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றித் தடுப்பூசி போட்டே இடுப்பு தேய்ந்தது. நாற்பது வயசுக்கு மேல் அரசாங்கத்தில் அனுமதி வாங்கி, ஹாஸ்டல் கட்டிலில் படுத்துப் படிக்க வந்ததற்கு ஒரே காரணம்தான். இந்தப் படிப்பை முடித்துவிட்டால் டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். தானே பார்க்கலாம், தானே மருந்து எழுதலாம். நொச்சியோடைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் டவுனுக்கு ஓட வேண்டியதில்லை.

தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் ஊருக்குள் நுழைந்ததும் ஜனம் கூடிவிட்டது.

"சிஸ்டர், என் முட்டியக் கொண்டு போங்க. நல்ல முட்டி. எந்திரிச்சா ஒரு சத்தம், உக்காந்தா ஒரு சத்தம்."

"ஏ, ஒரு முட்டியப் படிச்சா பட்டம் குடுப்பானா? எம் பல்லப் பாருங்க சிஸ்டர். தாடை, காது, மண்டைன்னு மூணு பாடம் இருக்கு இதுல."

ஒரு மாணவிக்கு ஒரு வலிதான் என்று அமலோற்பவம் சொன்னாள். அதோடு, பருவம் முடிந்ததும் வாங்கியபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றதும் பாதிப் பேர் கலைந்துபோனார்கள்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. போன வருஷம் ஒரு மாணவி ஒரு ஆளின் நெஞ்சுவலியை வாங்கி வந்திருந்தாள். வலி போனதும் அந்த ஆள் உடம்பு குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கபடி ஆடப் போய், கோட்டைத் தொட்ட கையோடு அப்படியே கிடந்துவிட்டார். அதனால் உபயோகத்தில் இருக்கும் வலி வேண்டாம் என்று அமலோற்பவம் தீர்மானித்தாள். இன்னும் உபயோகத்துக்கு வராத வலி ஒன்று அந்த ஊரில் இருந்தது. சுடலைவடிவின் பிரசவ வலி.

வடிவுக்கு ஐந்தாம் மாசம். முந்தின இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் துணியில் பொதிந்து எடுத்துப் போனது அமலோற்பவம்தான். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வீட்டில் மாமியார் ஆவுடையம்மாள் மட்டும்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லாக்கா?" என்றாள் வடிவு.

"பிள்ள ஒங்கிட்டதான் இருக்கும். வலி மட்டுந்தான் எங்கூட வரும்."

"அப்ப நீங்களே வச்சுக்கோங்க. திருப்பித் தரலேன்னு நான் ஒண்ணும் போலீஸ் டேசனுக்குப் போவ மாட்டேன்."

"சிரிக்கா பாரு கழுத" என்றாள் ஆவுடையம்மாள். "சிஸ்டர், அவ கெடக்கா. நாளுக்கு முந்திக் கொண்டாந்துருங்க. வலி இல்லாம எந்தப் பிள்ளையும் வெளிய வந்ததில்ல. இந்த ஒண்ணாச்சும் எங்களுக்குத் தக்கணும்."

வலி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடங்கியது. மோர்த்தெளிவின் நிறம். பெட்டியில் வைத்து மூடியபோது பாரமே தெரியவில்லை.

கல்லூரியில் பிரமிளா மேடம் நல்ல ஆசிரியை. "நோயாளி பொய் சொல்லுவா, கூட வர்றவங்க அதைவிடப் பெரிய பொய் சொல்லுவாங்க, வலி சொல்லாது" என்பார். "வலியைக் கேளுங்க. அதை மட்டும் கேளுங்க. வலி எங்கே இருக்கோ அங்கேதான் உங்க வேலை." மாணவிகள் அவரவர் குப்பியில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் ஷகிலா பானு மலைக் கிராமத்திலிருந்து ஒரு காதுவலியைக் கொண்டுவந்திருந்தாள். அது எதற்கெடுத்தாலும் 'என்ன?' என்று திருப்பிக் கேட்கும்.

வடிவின் வலி முதலில் கூச்சப்பட்டது. போகப்போகப் பழகிவிட்டது. முதுகில் தொடங்கி, விலாவைச் சுற்றி, அடிவயிற்றுக்கு வந்து, ஒரு மூச்சு நின்று, திரும்பிப் போகும். கண்ணை மூடிக்கொண்டே அமலோற்பவம் அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்த வருஷம் வலி கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மற்ற விஷயங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையைவிட்டுப் போயின. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, நகத்தின் வெளுப்பைப் பார்ப்பது, துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பது, இதெல்லாம் பழைய பழக்கங்கள். இந்தப் படிப்பில் அவற்றுக்கு மதிப்பெண் இல்லை.

வாய்மொழித் தேர்வில் கேள்விகளை வலியிடம்தான் கேட்பார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வடிவின் குப்பியைக் கையில் எடுத்து, "கிராமப்புறத் தாய்மார்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவது ஏன்?" என்று கேட்டார்.

வலி யோசித்துவிட்டு, "ஆட்டோ வரல" என்றது.

"புத்தகத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன" என்றார் தேர்வாளர்.

"மூணு ஆட்டோவும் வரல."

அதில் கொஞ்சம் மதிப்பெண் போனது. என்றாலும் அமலோற்பவம் முதல் வகுப்பில் தேறினாள்.

ஆனால் தேர்வாளர் சொன்ன தேதிக்கு வராமல் தள்ளித் தள்ளி வந்ததில் வடிவின் நாள் நெருங்கிவிட்டது. "வயிறு எறங்கிட்டுக்கா" என்று போனில் சொன்னாள். "ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. அத்தை வாசல வாசலப் பாக்கா."

மறுநாள் காலையில் அமலோற்பவம் கிளம்பினாள். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கிற, தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் ஐஸ் கட்டிகளை பிரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கிற மருந்து உறைந்து கெட்டுவிடும். புதிதாக வேலைக்கு வந்த பெண்களை இதற்காக அவள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அன்றைக்கு ஹாஸ்டல் வாசலில் ஷேர் ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். கட்டிகளை எடுத்தாள், வைத்தாள், மூடினாள், ஓடினாள்.

நொச்சியோடையில் பெட்டியைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தபோதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்து இளகவிட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்தாள். பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக அடியில் இறங்கியது. உறைந்து கெட்ட தடுப்பூசி இப்படித்தான் இறங்கும். அதைப் போட்டாலும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரைப் போட்டாலும் ஒன்றுதான்.

இருந்தாலும் வடிவின் நாக்கில் விட்டாள்.

"எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்குக்கா."

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வலி வந்ததும் கூட்டிவாருங்கள் என்றார்கள். வலி கெட்டுவிட்டது என்றாள். வலி வந்ததும் கூட்டிவாருங்கள் என்றார்கள். பிரமிளா மேடத்துக்குப் போட்டாள்.

"உறைஞ்சுட்டுதா? சரி, பதட்டப்படாதே" என்றார் மேடம். "ஈடா வேற வலி சேர்த்துக் கொடு. எந்த வலியா இருந்தாலும் பரவாயில்லை, மொத்தம் சரியா வரணும். பிரசவ வலி ரொம்பப் பெரிசு, பார்த்துக்கோ."

துணை சுகாதார நிலையத்து வாசலில் அமலோற்பவம் ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்தாள். விஷயம் ஊரெல்லாம் பரவியது.

"திருப்பித் தர மாட்டீயளே?" என்று டிராக்டர் ஓட்டுகிற சங்கரபாண்டி ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். பிறகு இடுப்பு வலியைக் குடத்தில் ஊற்றினான். முட்டி வந்தது, பல் வந்தது, பித்தவெடிப்பு வந்தது. குடத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

"ஒடம்பு வலிதானா, எதுன்னாலும் ஊத்தலாமா?" என்று ஒரு ஆள் கேட்டார். அவருடைய மகன் கல்குவாரித் தண்ணீரில் போனவன்.

"எதுன்னாலும்" என்றாள் அமலோற்பவம்.

அவர் ஊற்றியதும் குடம் சட்டென்று ஏறியது. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வீட்டுக்குப் போய்த் தேடி எடுத்துவந்தார்கள். புருஷன் விட்டுப் போனது, ஊர்க் கூட்டத்தில் காலில் விழவைத்தது, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் இலை போடாமல் அனுப்பியது. ஆவுடையம்மாள் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொட்டினாள். என்ன என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு விரற்கடை குறைந்தது. அமலோற்பவம் தன்னுடையதை ஊற்றினாள். எவ்வளவு இருக்கிறது என்று அவளே பார்த்ததில்லை. குடம் நிறைந்தது.

வடிவு அவ்வளவையும் குடித்தாள். உடனே அலறினாள். சில சமயம் முட்டியைப் பிடித்துக்கொண்டு, சில சமயம் தாடையைப் பிடித்துக்கொண்டு, சில சமயம் தான் பார்த்தே அறியாத ஒரு பையனின் பேரைச் சொல்லி. பொழுது சாய்வதற்குள் பிள்ளை வந்துவிட்டது. பெண் பிள்ளை. வலி முழுக்கப் பிள்ளையோடு வெளியே வந்துவிட்டதால் வடிவு சட்டென்று அமைதியானாள்.

"வலிக்குதா வடிவு?"

"இல்லக்கா. எங்கயுமே வலிக்கல."

அமலோற்பவம் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். முதுகில் இல்லை, விலாவில் இல்லை, அடிவயிற்றில் இல்லை. இவ்வளவு சுத்தமான உடம்பை அவள் கேட்டதே கிடையாது. பாய் ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். அமலோற்பவமும் பார்த்தாள். யாருக்கும் வலிக்கவில்லை.

"பிள்ள தங்கிட்டாக்கா?" என்றாள் வடிவு.

"தங்கிட்டா."

"சொகமா இருக்கு. தூக்கம் வருது."

"வலிக்குதா?"

"இல்லக்கா."

வலி இல்லாத இடத்தில் அவளுக்கு வேலை இல்லை. கை கழுவப் போனாள். ஆவுடையம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மருமகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "போயிட்டா போலுக்கே சிஸ்டர்" என்றாள். பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். காப்பி வீணாக வேண்டாம் என்று தானே குடித்தாள்.

அழுவதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. அமலோற்பவம் ஓரமாக நின்று நெஞ்சுக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். திருப்பூரிலிருந்து வந்த புருஷன் மட்டும் இரண்டு நாள் அழுதான். சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது. மூன்றாம் நாள் ரயிலேறிப் போய்விட்டான்.

பிள்ளைதான் எல்லோருக்குமாக அழுதது. பல் முளைக்காத தாடையைப் பிடித்துக்கொண்டு அழும். நடக்காத காலை நீட்டிக்கொண்டு அழும். சாயங்காலமானால் கல்குவாரி இருக்கிற திசைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டு, குரல் இல்லாமல் அழும்.

ஊர்க்காரர்கள் அடுப்பில் கை வைத்துவிட்டு மறந்து நின்றார்கள். பாம்பு கடித்ததை மறுநாள் கால் கறுத்த பிறகு பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, முகம் கோணாமல் போய்ச் சேர்ந்தார்கள். மேலதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வலியே இல்லாத இடத்தைக் கிராமம் என்று சொல்வதற்கில்லை என்று அவர்கள் கருதினார்கள். நொச்சியோடையின் வலி எங்கே இருக்கிறதோ அதுதான் நொச்சியோடை. பிள்ளையை நொச்சியோடையாக அங்கீகரித்தார்கள். பட்டம் வாங்கிய கையோடு அமலோற்பவத்தை நொச்சியோடைக்கே உயர்நிலைச் செவிலியராக நியமித்தார்கள். அவள் விரும்பிக் கேட்ட இடம்தான்.

எல்லை குறிக்க சர்வேயர் வந்தார். பிள்ளையைப் பாயில் நீட்டிப் படுக்கவைத்து, உச்சந்தலையில் தொடங்கிச் சங்கிலி பிடித்து அளந்தார். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். கிழக்கே வைப்பதற்கு இடம் போதாததால், ஒரு சின்னக் கல்லைப் பிள்ளையின் இடது உள்ளங்கையில் வைத்தார். பிள்ளை விரல்களை மடக்கி அதைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்து ஊரான மேலப்பனையடியிலிருந்து ஆட்கள் வந்து ஆட்சேபணை செய்தார்கள். இடது சுண்டுவிரல் தங்கள் எல்லைக்குள் வருகிறது என்றார்கள். சர்வேயர் மறுபடி சங்கிலியைப் பிடித்துப் பார்த்தார். அவர்கள் சொன்னது சரிதான்.

அமலோற்பவம் தினமும் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டுகிறாள். சுண்டுவிரலை மட்டும் விட்டுவிடுவாள். மேலப்பனையடிக்கு வேறு செவிலியர் இருக்கிறார். புதன்கிழமைதோறும் வருவார்.