எர்மிந்தா நிற்கும் வாசல்

"முதல்ல தோளை உள்ள விடு. கூடையை முன்னால நீட்டினேன்னா அதைக் கடிச்சுக்கும்."

"நீ பொறந்ததுலேர்ந்து இந்தக் கதவோட குடும்பம் நடத்துறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"போன வாரம் யாரோட கோட்டு வால் போச்சாம்?"

"அது காத்து."

"காத்தாம்! எறாலாவது முழுசா வருதா பாரு, டாக்டரம்மா."

இறால் முழுசாக வரவில்லை. கூடையின் பாதி தெருவிலும் பாதி சமையலறையிலும் கிடந்தது. எர்மிந்தா உள்ளே வந்த இறாலை மட்டும் பொறுக்கிக் கழுவினாள். அவள் தம்பி நசரேனோ நாற்காலியில் சாய்ந்தபடி, தொங்கும் இமைகளைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நசரேனோ பெத்ரிச் இருக்கிற அறையில் எந்தக் கதவும் ஓர் இமைப்பொழுதுக்கு மேல் திறந்து நிற்பதில்லை. ஒய்ட் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கோதுமைக் கிடங்கின் தூசி தெற்குக் காற்றில் வந்து காயும் துணியில் படிவதைப் போல, இதையும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவன் பிறந்த அன்று வெந்நீர் எடுக்கப் போன மருத்துவச்சி ஜன்னல் வழியாகத்தான் திரும்பி ஏறி வந்தாள். இழுவலைப் படகில் வேலை பார்த்த அப்பா, ஒருநாள் கோபத்தில் சமையலறைக் கதவைக் கழற்றிக் கொல்லையில் வீசினார். அந்த இடத்தில் அம்மா தொங்கவிட்ட பூப்போட்ட திரை தகரம் போல விறைத்துக்கொண்டு வழியை அடைத்தது. செங்கல் முட்டுக் கொடுத்தார்கள், செங்கல் பொடியானது. கடைசியில் கதவையே திரும்ப மாட்டிவிட்டு, குடும்பம் பக்கவாட்டில் நுழையப் பழகிக்கொண்டது. பையனுக்கு இமை நிற்காது, தாடை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் வாட்டிய இறைச்சியை எர்மிந்தாதான் நூல் நூலாகப் பிய்த்துக் கொடுப்பாள். அதிலும் நாலு வாய் மென்றதும் களைத்துவிடுவான். ஆனால் குரல் நன்றாக இருந்தது. வளர்ந்ததும் வாடகைக் கார் நிலையத்தில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எந்தக் காரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று சொல்லும் வேலை கிடைத்தது. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கார் கூப்பிட்டு, பிறகு வேண்டாம் என்று சொன்ன விதவைகள் உண்டு.

எர்மிந்தா பாஹியா பிளாங்கா நகரத்துக்குப் போய் உயிர்வேதியியல் படித்தது அந்தக் கதவுக்காகத்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் முதலில் அவளுக்குக் கிடைத்தவை மின்சாரத் திருக்கைகள். வலையில் சிக்கியவற்றை அப்பாவின் கூட்டாளிகள் வாளியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மரத்துப்போன கையை உதறிக்கொண்டே போவார்கள். அந்த மீனின் உடம்பில் மின்சாரத்தைக் கிளப்புகிற அதே நுண்ணிய வாசல்கள்தான் மனிதத் தசையிலும் இருக்கின்றன. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருள் ஒரு சொட்டு வந்து தட்டும், வாசல் திறக்கும், உப்பு அயனிகள் உள்ளே பாயும், தசை சுருங்கும். விரல் மடங்குவதும் மூச்சு இழுப்பதும் இதனால்தான். எர்மிந்தா தம்பியின் தசையில் ஒரு துணுக்கை எடுத்து வைத்துப் பார்த்தாள். கருவியின் திரையில் ஒரு கோடு நேராக ஓடியது. வாசல் திறந்தால் அது கீழே இறங்க வேண்டும், மூடினால் மேலே ஏற வேண்டும். நசரேனோவின் கோடு இறங்கிய வேகத்திலேயே ஏறிவிட்டது. உப்பு உள்ளே வர நேரமே இல்லை. அவள் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவு.

"அருமையான முடிவு, எர்மிந்தா. உடனே கட்டுரையா எழுதிடு," என்றாள் கூடத்தின் தலைவி ஓல்கா ஸ்மால்தோனே.

"எழுதினா கதவு நிக்குமா, டாக்டர்?"

"கதவுக்குத் தச்சனைக் கூப்பிடு. உனக்குப் பேர் வேணுமா வேண்டாமா?"

மாத்திரைகள் சில வருடம் உதவின. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உதவவில்லை. வானொலியில் நசரேனோவின் வாக்கியங்கள் நடுவில் சாத்திக்கொள்ள ஆரம்பித்தன. தெருப் பெயரின் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு கார்கள் ஊரெல்லாம் சுற்றின. நிலையத்துக்காரர் கண்ணீரோடு அவனை வீட்டுக்கு அனுப்பினார். இமை, தாடை, குரல் எல்லாம் ஆயிற்று, அடுத்தது மூச்சிழுக்கும் நெஞ்சு என்றார் மருத்துவர். அந்தக் குளிர்காலத்தில் அலமாரி இழுப்பறைகளும் கெட்டிலின் மூடியும்கூடத் திறக்க மறுத்தன.

எர்மிந்தாவிடம் மிச்சமிருந்தது கடைசித் துணுக்குத் தசை. அதைப் பார்க்கிற முறை இதுதான்: முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியைத் தசைமேல் வைத்து, மறுமுனையில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும். மிக லேசாக. அப்போதுதான் தசையின் சவ்வு கண்ணாடியோடு ஒட்டும். அந்தக் கூடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றே: மாத்தே குடிக்கிற மாதிரி குடிக்காதே. ஏனென்றால் எங்கள் ஊரில் மாத்தே என்னும் இலைத் தேநீரைச் சுரைக்குடுக்கையில் நிரப்பி, உறிஞ்சு குழாயோடு ஒருவர் கொடுத்தால், அடியில் குழாய் கரகரவென்று சத்தம் போடும்வரை உறிஞ்சியாக வேண்டும். பாதியில் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அவமானம்.

அன்று எர்மிந்தாவுக்குச் சரியான தூக்கமில்லை. ஒரு கையில் ரப்பர் குழாய், மறுகையில் யாரோ அக்கறையாக நிரப்பிக் கொடுத்த மாத்தே. கண் திரையிலேயே இருந்தது. கைக்கு வந்ததை வாயில் வைத்து, வளர்ந்த முறைப்படி, சத்தம் வரும்வரை உறிஞ்சினாள். கண்ணாடி நுனி கரகரத்தது. நாக்கில் கழிமுக நீரைப் போல ஓர் உப்பு பட்டு, தொண்டையைக் கடந்து நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. திரையில் கோடு கீழே இறங்கி, ஏறாமல் அப்படியே கிடந்தது. மாத்தே ஆறிப்போயிருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் வழக்கம்போல் தோளைச் சுருக்கிக்கொண்டாள். கதவு சாத்திக்கொள்ளவில்லை. அவள் நின்றாள். கதவும் நின்றது. உள்ளே நாற்காலியில் சரிந்து கிடந்த நசரேனோ நிமிர்ந்து, அந்தக் குளிர்காலத்தின் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னான்.

"காத்து உள்ள வருது, எர்மி, எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா!"

அவள் அழுதுகொண்டே அவனை நோக்கி ஓடினாள். பின்னால் கதவு அறைந்தது. அவனுடைய மூச்சு பாதியில் நின்று முகம் நீலம் பூத்தது. எர்மிந்தா திரும்பி ஓடிக் கதவைப் பிய்த்துத் திறந்து படியில் நின்றாள். மூச்சு வந்தது. அதற்குமேல் அவள் எந்தச் சோதனையும் செய்யவில்லை.

வேலையை விட்டாள். வாசற்படியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். அந்தக் கட்டுரையை ஓல்கா ஸ்மால்தோனே எழுதினாள், நன்றாகவே எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டு பெர்த்தா சமைத்து, குளிப்பாட்டி, இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு வளைய வந்தாள். அவள் மட்டும் எர்மிந்தாவின் முழங்காலைத் தாண்டிப் போய்வரலாம், கதவு கண்டுகொள்ளாது. வருடங்கள் போயின. தெற்குக் காற்று எர்மிந்தாவின் இடது கன்னத்தை மட்டும் பதனிட்ட தோல் போலக் கடினமாக்கியது, வலது கன்னம் அடுப்பின் வெப்பத்தில் இளமையாகவே இருந்தது. மக்கள்தொகை எடுக்க வந்த பெண் அவள் வீட்டில் வசிப்பவளா தெருவில் வசிப்பவளா என்று யோசித்துவிட்டு, 'வாசல்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மீனவர்களின் புனிதர் ஊர்வலம் அவள் நாற்காலிக்காகச் சற்றே வளைந்து போகும். பிறகு வளைந்து போவதே அதன் பாதை ஆயிற்று. நசரேனோ தன் நாற்காலியிலிருந்து, போகிற கார்களுக்கெல்லாம் வழி சொன்னான். யாரும் கேட்காவிட்டாலும் சொன்னான். அவள் முதுகையும் முழங்காலையும் தவிர அவன் அக்காவை வேறு மாதிரி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

போன ஜூலையில் ஒரு மழை மதியம். மழை பெய்தால் மாவைப் பொரித்துத் தின்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால் பெர்த்தா பொரித்துக்கொண்டிருந்தாள். எர்மிந்தாவின் ஒரு பாதி நனைந்துகொண்டிருந்தது.

"பொம்பளை கால் ரெண்டும் தூணா வீங்கிக் கெடக்கு. நீ எந்நேரமும் வளவளன்னு பேசிக்கிட்டே இருக்க. வெக்கமா இல்ல உனக்கு?" என்று பெர்த்தா நசரேனோவை ஏசினாள்.

"இருக்கு, பெர்த்தாம்மா," என்றான் அவன்.

பிறகு அவனே குடுக்கையில் இலையைப் போட்டு, ஓரத்தில் வெந்நீர் ஊற்றினான். நுரை கட்டி நின்ற மாத்தேயை வாசலை நோக்கி நீட்டிப் பிடித்தான். கை எட்டாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"எர்மி," என்றான். "மழையில ஏன் கெடக்க. எழுந்து உள்ள வா. கதவு சாத்திக்கட்டும், பரவால்ல. என் பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு மாத்தே குடியேன்."