நண்டுக்கு நாற்பத்தொன்று

மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு பேக்கரிக்கு மாடியில் 'குளோபல் நங்கூரம் இன்டர்நேஷனல் இன்ஸ்டிட்யூட்' இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு இரும்பு பீரோ, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வகுப்பறை என்று எதுவும் கிடையாது. அங்கே டிப்ளமா வாங்கினால் நார்வே நாட்டு மீன் கம்பெனியில் வேலை நிச்சயம் என்று பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

கஸ்தூரி அந்த நோட்டீஸை இறால் ஏலம் போடும் இடத்தில் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஏழு வயதிலிருந்து ஏரியில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிறவள். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி நகருவாள். பொந்துக்குள் விரலை விட்டால் நண்டு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருக்கிறதா, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கணவன் வேலுவுக்கும் அதே தொழில்தான். ஆனால் நண்டு விஷயத்தில் அவன் அவளுக்கு ஒரு படி கீழே. அதை அவனே ஒப்புக்கொள்வான்.

நோட்டீஸில் சம்பளம் பெரிதாகப் போட்டிருந்தது. கஸ்தூரி அதைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைக்காரன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்த நண்டைப் பார்த்தாள். அதன் ஒரு கால் அவன் கை நீளத்துக்கு இருந்தது.

"இத எந்தப் பொந்துலேர்ந்து எட்த்திருப்பான்?" என்று வேலுவிடம் கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சம்பளத்தைப் பார்த்தவள் கலைவாணி. வேலுவின் தம்பி பெண்டாட்டி. மீஞ்சூர்க்காரி, பிளஸ் டூ படித்தவள், ஜாக்கெட் தைப்பாள். நண்டுக் குழம்பை நன்றாகச் சாப்பிடுவாள். உயிரோடு ஒரு நண்டு வாசலில் ஊர்ந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். "நீ வந்தா நானும் வரேங்க்கா, தனியா போவ பயமா இருக்குது" என்றாள். இருவரும் போய் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார்கள்.

இன்ஸ்டிட்யூட்டின் பிரின்சிபால் பெயர் சுப்பராயலு. பெயருக்கு முன்னால் டாக்டர். ஏழு வருஷம் நார்வேயில் இருந்ததாகச் சொன்னார். கோர்ஸ் ஆறு மாதம், ஆனால் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்றார். கலைவாணிக்கு எந்த அனுபவம் என்று கஸ்தூரி கேட்கவில்லை. ஒரே கறுப்பு அங்கியை முதலில் கஸ்தூரிக்கும் பிறகு கலைவாணிக்கும் மாட்டி, முதுகில் ஊக்குக் குத்திப் போட்டோ எடுத்தார்கள். பாதிப் பணம் கட்டியாயிற்று. மீதி விசா வந்த பிறகு. இதற்காகவே எடுத்த பாஸ்போர்ட்டுகளும் கலைவாணியின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் விசா வேலைக்கு என்று பீரோவுக்குள் போயின.

டிப்ளமா பத்து நாளில் வந்தது. பழவேற்காடு பஸ்ஸில் திரும்பும்போது கலைவாணி மார்க் லிஸ்டைப் படித்துக் காட்டினாள்.

"அக்கா, உனுக்கு இங்கிலீஷ்ல எண்பத்தெட்டு."

"அப்டியா?" கஸ்தூரிக்குத் தன் பெயரைத் தமிழில் எழுத மட்டும்தான் தெரியும். ஆனாலும் நியாயமான மார்க்தான் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தொண்ணு. ஐஸ் பேக்கிங் எழுபத்தொம்போது. நண்டு கையாளுதல்..." கலைவாணி நிறுத்தினாள்.

"இன்னா?"

"நாப்பத்தொண்ணு."

கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும், "உனுக்கு?" என்றாள்.

கலைவாணி தன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எனுக்கு இங்கிலீஷ்லதான் கம்மி, முப்பத்தொம்போது. நண்டுல தொண்ணூத்திநாலு" என்றாள் மெதுவாக.



மறுநாள் ஏரிக்குள் பசியாவரம் தீவுக்குப் பக்கத்தில் சேற்றுத் திட்டில் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு நண்டு கஸ்தூரியின் சுண்டு விரலைப் பிடித்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. வேலு பதறிப்போய் நீந்தி வந்தான்.

"பேப்பர்ல இன்னா போட்டிருந்தா இன்னா? ஏரியில கீற எல்லாருக்கும் உன்னத் தெரியும்."

"நார்வேக்காரனுக்குத் தெரியாதே" என்றாள் கஸ்தூரி. விரலைச் சப்பிக்கொண்டே மறுபடி சொன்னாள்: "கலைவாணிக்குத் தொண்ணூத்திநாலு. அவ நண்டப் பாத்தா நாக்காலி மேல ஏறுவா."

அன்று பிற்பகலே அவள் மீஞ்சூர் போனாள். கம்ப்யூட்டரில் சந்தியா இருந்தாள். அங்கே வேலை பார்க்கும் ஒரே ஆள் அவள்தான். மார்க் குறைவு என்று ஒருத்தி வந்து நிற்பது இன்ஸ்டிட்யூட் வரலாற்றில் முதல் தடவை என்பதால் சந்தியா கீபோர்டை விட்டு எழுந்தாள். உள்ளே போய்ப் பிரின்சிபாலைக் கூப்பிட்டாள்.

நாற்காலிகளில் புதிதாகச் சேர வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் சுப்பராயலு புன்னகையோடு வந்தார்.

"பேப்பர் திருத்தினது கொச்சி எக்ஸாமினரும்மா. மறுமதிப்பீடுன்னா நாப்பத்தஞ்சு நாளாகும்."

"நான் பேப்பரே எழுதலியே சார்."

நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பராயலு குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. சந்தியா, அம்மாவுக்கு நண்டுல தொண்ணூத்தஞ்சு போட்டு பிரிண்ட் எடு."

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. சூடாக வந்த காகிதத்தைச் சந்தியா நீட்டினாள். கஸ்தூரி வாங்கவில்லை.

"நான் மார்க் கேக்கல சார். பரீட்ச கேக்கறேன். நீங்க வாயால ஏத்தினா நாளைக்கு வாயாலயே எறக்கிடுவீங்க."

சுப்பராயலு அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலிக்காரர்களைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். எதையும் வியாபாரமாக்கத் தெரிந்தவர். சத்தமாகவே சொன்னார்: "இதுதாங்க நம்ம இன்ஸ்டிட்யூட் தரம். ஒரு ஸ்டூடன்ட் மார்க் சரியில்லன்னு சொன்னா நாங்க லைவ் பிராக்டிகல் வைப்போம். வெள்ளிக்கிழமை பதினோரு மணி. எல்லாரும் வாங்க. வீட்டுல இருக்கறவங்களயும் கூட்டிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்காலிகளும் நிறைந்து, படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றார்கள். ஏரிக்கரை ஆட்கள், கடலோரக் குப்பத்து ஆட்கள், சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள், ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள். லைட்ஹவுஸ் குப்பத்து முத்துராஜ் முன் வரிசையில் இருந்தார். சொந்தமாகப் பைபர் படகு வைத்திருந்தவர், மோட்டார் கெட்டுப்போனபின் நார்வே போகலாம் என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தார். கலைவாணியைக் கஸ்தூரி வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள்.

வேலு ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தான். உள்ளே ஆறு சேற்று நண்டுகள், சணலால் கட்டியவை. பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீர்.

சுப்பராயலு டை கட்டியிருந்தார். மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டினார். "ஆறு நண்டையும் அவுத்துத் திரும்பக் கட்டணும். ஸ்டார்ட் பண்ணலாமா?"

"சார், ஒரு வார்த்த. மொதல்ல நீங்க ஒண்ணக் கட்டிக் காமிங்க. நார்வேல எப்டிக் கட்டுவாங்கன்னு பாத்தாத்தான எனுக்கு எதுல மார்க் கொறஞ்சுதுன்னு தெரியும்?"

"நியாயந்தான" என்றார் முத்துராஜ்.

"மொதல்ல தியரி" என்றார் சுப்பராயலு. கட்டிய நண்டு ஒன்றைப் பேனாவால் புரட்டினார். அடிவயிற்று மூடி அகலமாக, வட்டமாக இருந்தது. "இது ஆண் நண்டு. பாருங்க, எவ்ளோ அகலமா, பலமா இருக்கு."

ஏரிக்கரை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முத்துராஜின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "சார், அந்த ஆம்பளை வயித்துல முட்ட கீது சார்" என்றார். படிக்கட்டு வரைக்கும் சிரிப்பு போய் இறங்கியது.

சுப்பராயலுவின் காது சிவந்தது. "நார்வேல வேற மாதிரி" என்றார். அதை யாரும் நம்பவில்லை என்று அவருக்கே தெரிந்தது. உடனே கூட்டத்தில் கலைவாணியைக் கண்டுபிடித்தார். "இதோ நம்ம டிஸ்டிங்ஷன் ஸ்டூடன்ட். தொண்ணூத்திநாலு மார்க். வாம்மா, நீ செஞ்சு காட்டு."

"நானா சார்?" என்றாள் கலைவாணி. அதற்குள் கஸ்தூரி ஒரு நண்டின் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள். அது இரண்டு கொடுக்கையும் விரித்து மேஜையின் நடுவில் நின்றது. கலைவாணி நாற்காலி மேல் ஏறிவிட்டாள். அங்கிருந்து, "சார், சத்தியமா எனுக்கு ஒண்ணும் தெரியாது சார். சமைச்சாத்தான் சாப்டுவேன்" என்றாள்.

இப்போது சிரிக்காதவர் சுப்பராயலு மட்டும்தான். மானம் போகும்போது மனிதர்கள் செய்யக் கூடாததைச் செய்துவிடுகிறார்கள். அவர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, நண்டை முன்பக்கமாகப் பிடிக்கப் போனார். கஸ்தூரி "சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது அவருடைய வலது கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது.

அவர் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரிக்காரரே மேலே ஓடி வந்தார்.

"ஒதறாதீங்க சார். ஒதறினா இன்னும் இறுக்கும்" என்றாள் கஸ்தூரி.

"எடும்மா. எடுத்து விடும்மா."

"எடுக்கறேன் சார். தண்ணியில கைய வுட்டா அதுவே வுட்டுடும்." அவள் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆனால் வாளியை நகர்த்தவில்லை. "எங்க பாஸ்போர்ட்டெல்லாம் எங்க சார் கீது?"

அந்த யோசனை அந்த நேரத்தில்தான் வந்தது என்று கஸ்தூரி இன்றைக்கும் சொல்கிறாள். கலைவாணி அதை நம்புவதில்லை. ஆறு நண்டில் எது மோசமான நண்டு என்று பார்த்து அவிழ்க்க அக்காவுக்குத் தெரியாதா என்று கேட்கிறாள்.

"விசாவுக்குப் போயிருக்கு" என்று முனகினார் சுப்பராயலு.

"பீரோவுல இருக்குது" என்றாள் சந்தியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "எல்லாமே பீரோவுலதான் இருக்குது. எங்கயும் அனுப்பல. நார்வேயிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு லெட்டர்கூட வந்ததில்ல. சாவி அவரு பேன்ட் பாக்கெட்டுல."

சுப்பராயலு இடது கையால் சாவியை எடுக்க முயன்றார். சாவி வலது பாக்கெட்டில் இருந்தது. முத்துராஜ் மரியாதையாக, "நான் எடுக்கறேன் சார்" என்று எடுத்துக் கொடுத்தார். பீரோ திறந்ததும் கஸ்தூரி வாளியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் முழங்கைவரை கையை விட்டார். நண்டு ஒரு நொடி யோசித்துவிட்டு விரலை விட்டது.

சந்தியா பெயர் பெயராகக் கூப்பிட்டு பாஸ்போர்ட்டுகளையும் சர்டிபிகேட்டுகளையும் கொடுத்தாள். அன்று அந்த இன்ஸ்டிட்யூட்டில் நடந்த ஒரே ஒழுங்கான பட்டமளிப்பு அதுதான். வராதவர்களுடையதைத் தனியாகக் கட்டி வைத்தாள். கஸ்தூரியின் முறை வந்தபோது சந்தியா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, மார்க்கெல்லாம் நான்தான் போட்டேன். வாயில வந்த நம்பரு. எல்லாத்துலயும் ஜாஸ்தி போட்டா சந்தேகம் வரும், ஆளுக்கு ஒண்ணுல கொறச்சிப் போடுன்னு சார் சொன்னாரு. உனுக்கு நண்டுல வுழுந்துடுச்சி."

கஸ்தூரிக்குக் கோபம் வரும் என்று வேலு நினைத்தான். அவள் பாஸ்போர்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இங்கிலீஷ்ல கொறச்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே" என்றாள்.

சுப்பராயலு விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன் என்று இறங்கினார். முத்துராஜும் இன்னும் நாலு பேரும் துணைக்குப் போனார்கள், ஓடிவிடக் கூடாது என்று. தையல் போட்ட கையோடு அங்கிருந்தே அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். சந்தியா கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் காட்டினாள். அவர் நார்வே போனதில்லை, டாக்டரும் இல்லை, நெல்லூர்ப் பக்கத்தில் இதற்கு முன்னால் வேறு பெயரில் இதையே செய்திருக்கிறார் என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் வெளியே வந்தது. பணத்தில் கொஞ்சம் அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது. கோர்ட் சொன்னால்தான் எடுக்க முடியும்.

வெளிநாட்டு வேலைக்கு முறையாக ஆள் அனுப்பும் அரசாங்க அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்று சந்தியா விசாரித்துச் சொன்னாள். கஸ்தூரி, கலைவாணி, சந்தியா மூவரும் ஒருநாள் ரயிலேறிப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். இப்போதைக்கு நார்வேக்கு யாரையும் கேட்கவில்லை, கேட்டால் போன் வரும் என்றார்கள். கலைவாணி தினமும் போனைப் பார்க்கிறாள்.

கேஸ் பொன்னேரி கோர்ட்டில் நடக்கிறது. மாதம் ஒரு வாய்தா. சாட்சி என்பதால் கஸ்தூரி போகவேண்டும். ஏரி வேலை கெடுகிறதே என்று முதல் வாய்தாவுக்கு முணுமுணுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வாய்தாவுக்குப் போகும்போது ஒரு கூடை இறாலைக் கையோடு எடுத்துப் போனாள். மரத்தடியில் வைத்த அரை மணி நேரத்தில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வாங்கித் தீர்த்துவிட்டார்கள். ஏரி இறால், உயிர் துடிக்கிறது, மார்க்கெட்டில் இப்படிக் கிடைக்காது. இப்போது ஒரு குமாஸ்தா வாய்தா இல்லாத வாரத்திலும் போன் செய்து, எப்போது வருவாய் என்று கேட்கிறார்.

கேஸ் சீக்கிரம் முடிந்துவிடும் என்று வக்கீல் ஒருவர் போன மாதம் ஆறுதலாகச் சொன்னார்.

"அவசரமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி அவருக்கு ஒரு கைப்பிடி இறால் கூடப் போட்டுக் கொடுத்தாள்.