பெட்டிக்குள் துப்பாக்கி, வாசலில் வெர்னா

"யாராவது உள்ள நுழைஞ்சுட்டா நீ என்னம்மா பண்ணுவே?"

டல்லஸிலிருந்து மகன் கோல்பி தொலைபேசியில் கேட்டான். வெர்னா அப்போது அடுப்படியில் நின்றபடி பீன்ஸைச் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"எதுக்குடா நுழையப் போறான்? இங்க என்ன இருக்கு? கோழி இருக்கு. வேணும்னா பிடிச்சுட்டுப் போகட்டும்."

"விளையாடாதம்மா. பக்கத்து ஊர்ல பெட்ரோல் பங்கையே உடைச்சிருக்கானுங்க. உன் வீட்லேர்ந்து கத்தினா யாருக்குக் கேக்கும்? அதுவும் நீ கத்தினா!"

அதில்தான் வெர்னாவுக்குச் சுருக்கென்றது. அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினாலும் "மெதுவா" என்று வாய்க்குள்தான் சொல்வாள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

கணவன் டூயி இறந்துபோன பிறகு, அந்தச் சாலைக் கோடியில் இருக்கும் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். ஊரில் எல்லோரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது. நின்றுகொண்டே சாப்பிடலாம். வானொலியில் பாட்டை உரக்க வைத்துத் துணி மடிக்கலாம். யாரும் அவளைப் பேசச் சொல்லமாட்டார்கள். டல்லஸில் கோல்பியின் குடியிருப்பில் லிஃப்டில் ஏறினாலே நாலு பேர் "எப்படி இருக்கீங்க" என்பார்கள். நாலு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கோல்பி கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தான். "உன் பொறந்த நாள் வரைக்கும் பாக்கறேன். நீ தனியா சமாளிப்பேன்னு அதுக்குள்ள எனக்கு நம்பிக்கை வரணும். வரலேன்னா வீட்ட விக்கறோம், நீ இங்க வர்றே. சரியா?"

"சரி" என்றாள் வெர்னா. அவளுக்கு எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் வாயில் வரும்.

மறுநாளே கைத்துப்பாக்கி வாங்கப் போனாள். கடைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து இளஞ்சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தான். "லேடீஸ் எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க, மேம்."

பொம்மைக் கல்யாணத்துக்கா வாங்கறேன் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பக்கத்தில் கறுப்பாக, குட்டையாக இருந்த ரிவால்வரை விரலால் காட்டினாள். ஐந்து குண்டு போடுவது. விசை கொஞ்சம் கெட்டி. ஆனால் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு ரொட்டி மாவு பிசையும் கை, அதற்கு அசரவில்லை.

சுடக் கற்றுக்கொடுத்தவள் டார்லா உர்பினா. வியாழக்கிழமை பிற்பகல்களில் தன் மாட்டுப் பண்ணையின் பின்பக்கம், மண்மேட்டில் காகிதத் தட்டுகளைக் குத்தி வைத்து, ஊர்ப் பெண்களுக்கு வகுப்பு எடுப்பாள். சுட்டு முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து யாராவது வேகவைத்துக் கொண்டுவந்த பெக்கன் கொட்டை இனிப்பைச் சாப்பிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தார்கள். டார்லாவுக்கு வயது நாற்பது. பாதிரியார் முதல் பால்காரர் வரை எல்லோரும் அவளுக்குக் "கண்ணு"தான்.

"கண்ணு, மிஸ் வெர்னா, விரல் எங்க இருக்கணும்?"

"விசைக்கு வெளிய."

"எப்ப வரைக்கும்?"

"சுடணும்னு முடிவு பண்ற வரைக்கும்."

"வீட்ல யாரோ இருக்கான்னு தோணுது, நீங்க வெளிய நிக்கறீங்க. என்ன பண்ணுவீங்க?"

"உள்ள போகமாட்டேன். வண்டி இன்ஜினுக்குப் பின்னாடி போய் நிப்பேன். ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் பண்ணுவேன்."

"கதவுக்குப் பின்னாடி ஏன் நிக்கல?"

"குண்டு கதவுல நுழையும். இன்ஜின்ல நுழையாது."

எல்லாவற்றிலும் வெர்னா முதல் ஆள். காகிதத் தட்டின் நடுவில் அவள் போட்ட ஓட்டைகள் ஒரே ஓட்டையாகச் சேர்ந்து கிடக்கும். மற்றப் பெண்கள் கைதட்டுவார்கள். அவள் காது சிவந்து போகும்.

ஒன்றில் மட்டும் அவள் தேறவே இல்லை. துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் குரலைத் தூக்க வேண்டும் என்பது டார்லாவின் சட்டம். "பாதித் திருடன் சத்தத்துக்கே ஓடிருவான். சுடாம முடிஞ்சா அதுதான் நல்ல நாள்" என்பாள். ஒரு வைக்கோல் பொம்மைக்குத் தொப்பி மாட்டி நிறுத்தி, ஒவ்வொருவரையும் கத்தச் சொன்னாள். பெண்கள் சக்கைபோடு போட்டார்கள். அஞ்சல் அலுவலகத்து எர்லீன் கத்தியதில் தொப்பியே விழுந்தது. காற்றில் விழுந்ததென்று மற்றவர்கள் சொன்னார்கள். எர்லீன் ஒப்புக்கொள்ளவில்லை.

வெர்னாவின் முறை வந்தது. தொண்டையைச் செருமினாள். "கொஞ்சம்... வெளிய போறீங்களா?" என்றாள் பொம்மையைப் பார்த்து.

வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த பசு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது.

"மிஸ் வெர்னா, திருடன்கிட்ட சொல்றீங்க. விருந்தாளிகிட்ட இல்ல."

"தயவுசெஞ்சு போயிடுங்களேன்?"

எர்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "இவ கேக்கற அழகுல திருடன் காப்பி குடிச்சிட்டுத்தான்டி போவான்!" வெர்னாவும் சிரித்தாள். ஆனால் வண்டியில் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. பிறந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கோல்பி வந்து, "எங்கம்மா, ஒரு தடவ கத்திக் காட்டு" என்றால்?

பிறந்த நாளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சமையலறை வேலையை முடித்துக்கொண்டு, வெயில் சுள்ளென்று இருக்கும்போதே தன் பழைய பிக்கப் வண்டியில் வீட்டுக்கு வந்தாள். கோல்பி சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். வண்டியை விட்டு இறங்கி இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள்.

பின்பக்க வலைக்கதவின் கொக்கி கழன்று கிடந்தது. காலையில் அவள் மாட்டிவிட்டுத்தான் போனாள். படியில் காய்ந்த சேற்றில் பூட்ஸ் தடம். ஆம்பிளைக் கால், பெரிய கால். சமையலறைத் திரை லேசாக அசைந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். யாரோ "ஷ்ஷ்" என்றார்கள்.

ஒருவன் இல்லை. கூட்டம்!

வெர்னாவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. இடுப்பில் ஏப்ரன் முடிச்சுதான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. அது படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. திருடர்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டியது, திருடர்கள் கூடவே இருந்தது.

உள்ளே போகவில்லை. மெல்லப் பின்வாங்கி, வண்டியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் போட்டாள். அங்கே போலீஸ் அழைப்புகளை எடுப்பவள் நடீன்.

"நடீன்? நான் வெர்னா பேசறேன். என் வீட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்க."

மறுமுனையில் நடீன் வினோதமாக ஒரு சத்தம் போட்டாள். தும்மலா, விக்கலா தெரியவில்லை. "ஐயையோ... வெர்னா, நீ... நீ உள்ள போகலியா?"

"போவேனா? விர்ஜிலை அனுப்பு, சீக்கிரம்."

"விர்ஜிலா? இரு, இரு. கூப்பிடறேன்."

கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு வாக்கி-டாக்கி சத்தம். "விர்ஜில், விர்ஜில், அவ உள்ள வரமாட்டேங்கறாப்பா..." என்பது வரை கேட்டது. பிறகு பட்டென்று யாரோ அதை அணைத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தம் தொலைபேசியில் வரவில்லை. வெர்னாவின் வீட்டுக்குள்ளிருந்து, துணி அலமாரிப் பக்கமிருந்து வந்தது.

விர்ஜில் என்ற பெயர் மட்டும்தான் வெர்னாவின் காதில் ஏறியது. விர்ஜிலின் வாக்கி-டாக்கி திருடர்கள் கையில் இருக்கிறது. அப்படியென்றால் விர்ஜில்? துணை ஷெரிஃப் ஆகிவிட்டானே தவிர, அவளுக்கு அவன் இன்னும் மூன்றாம் வகுப்பில் ரொட்டி இன்னொன்று கேட்டுத் தட்டை நீட்டிய குண்டுப் பையன்தான். போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டையை முட்டிக்கொண்டு வந்தது. அது தன் குரல் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை.

"டேய்! உள்ள இருக்கற அத்தனை பேரும் கையத் தூக்கிட்டு வெளிய வாங்கடா! எங்கிட்ட துப்பாக்கி இருக்கு! விர்ஜில் மேல ஒரு கீறல் பட்டிருந்துது, ஒருத்தன் நடந்து போகமாட்டீங்க!"

கோழிகள் சிதறி ஓடின. பெக்கன் மரத்திலிருந்து காக்கைக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. அடுத்த பண்ணையின் நாய் ஒரு குரைப்பைத் தொடங்கி, முடிக்காமல் விட்டது.

வலைக்கதவு அசையவில்லை.

"என்ன, காது கேக்கலியா? வாங்கடா வெளிய! மெதுவா!"

வலைக்கதவு கிறீச்சென்று திறந்தது. முதலில் வெளியே வந்தவள் டார்லா. இரண்டு கையும் வானத்தைப் பார்த்திருந்தன. தலையில் காகிதத் தொப்பி. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சுட்டுடாதீங்க மிஸ் வெர்னா" என்றாள். "ஆனா அடக் கடவுளே, என்னமா கத்தினீங்க!"

அவளுக்குப் பின்னால் எர்லீன். அதற்கும் பின்னால் பாதிரியார், ஒரு சட்டி சீஸ் மக்ரோனியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. வியாழக்கிழமைப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக. சீருடையில் விர்ஜில், ஒரு கீறல்கூடப் படாமல், மீசையில் வெள்ளைக் கிரீமோடு. கடைசியில் இரண்டு கையாலும் பெரிய கேக்கைத் தாங்கிக்கொண்டு கோல்பி.

"அம்மா, என்னால கையத் தூக்க முடியாது. கேக் விழுந்துடும்."

"அப்ப கேக்கத் தூக்குடா!" என்றாள் வெர்னா. சொன்ன வேகத்தில் அதுவும் கத்தலாகவே வந்துவிட்டது. கோல்பி சட்டென்று கேக்கைத் தலைக்கு மேலே தூக்கினான்.

அப்போதுதான் அவள் எழுந்து நின்றாள். எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். கையில் தொலைபேசி மட்டும்தான் இருந்தது. அதில் நடீன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கி எங்கம்மா?" என்றான் கோல்பி.

"உள்ளதான், பெட்டியில. உங்க கூடத்தான் இருந்துது."

எர்லீன் மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாதிரியார் சிரித்த சிரிப்பில் மக்ரோனி அவர் தோளில் கொஞ்சம் இறங்கியது.

பிறகு குற்றச்சாட்டுகள் பறந்தன. வண்டிகளையெல்லாம் தேவாலயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தது யார் யோசனை, கொக்கியைத் திரும்ப மாட்டாதது யார், இருமியது யார்.

"துப்பாக்கி வெச்சிருக்கறவ வீட்ல, இத்தன பேர் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க போய் ஒளிஞ்சுக்கறது! இதவிட மடத்தனம் டெக்ஸாஸ்ல உண்டா?" என்றார் பாதிரியார்.

"எல்லார் துப்பாக்கியையும் வண்டியிலேயே பூட்டிட்டு வரச் சொன்னேன்" என்றாள் டார்லா. "வெர்னாவோடது பெட்டியில பூட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் நானே உள்ள வந்தேன். இல்லேன்னா இந்தக் கூத்துக்கு ஒத்துக்குவேனா?"

"அலமாரிக்குள்ள என்னடா பண்ணினே?" என்று விர்ஜிலின் மீசையைத் துடைத்துவிட்டாள் வெர்னா.

"ஒளிஞ்சிருந்தேன், மேம். கேக்க என் கூட வெச்சிட்டாங்க. தப்பு அவங்க மேல."

கோல்பி கேக்கைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வெர்னா அவன் பக்கம் குனிந்தாள்.

"என்னடா?"

"பயந்துட்டேன்மா. உன் சத்தத்துக்கு." சிரித்தான், கண்ணைத் துடைத்தான். "கதவத் தொறந்துட்டு நேரா உள்ள வந்துடுவேன்னுதான் எல்லாரும் நெனச்சோம். நான் மட்டும் ஒளிஞ்சிருக்கும்போதே வேற யோசனை பண்ணிட்டிருந்தேன். இது நெஜமான திருடனா இருந்து, இவ பாட்டுக்கு உள்ள வந்தாள்னா என்ன ஆகும்னு. நீ வரவே இல்ல. போன் பண்றே, வண்டிக்குப் பின்னால போறே, அப்புறம்..." கையை விரித்தான். "அப்புறம் அது."

"நீ கேட்டல்ல, நுழைஞ்சுட்டா என்ன பண்ணுவேன்னு?" என்றாள் வெர்னா. "இதத்தான் பண்ணுவேன்."

அவள் நிமிர்ந்தபோது வலைக்கதவுக்குள் இன்னோர் ஆள் நின்றிருந்தார். பளபளக்கும் பூட்ஸ், இஸ்திரி கலையாத சட்டை, தூக்கிய ஒரு கையில் அளவு நாடா. கையை இறக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"இவர் யாரு?"

கோல்பி முகம் சிவந்தது. "மிஸ்டர் பிரெஸ்லர். வீடு வித்துக் கொடுக்கறவர். ரூமையெல்லாம் அளந்துட்டு... இன்னிக்கே உங்கிட்ட சொல்லலாம்னு..."

நேற்று வரைக்கும் வெர்னா இந்த இடத்தில் "சரி" என்றிருப்பாள். "ரூம் எத்தன அடி அகலம்னு எனக்கே தெரியும்" என்றாள் இப்போது, கத்தாமல், ஆனால் முற்றத்தில் எல்லோருக்கும் கேட்கும்படியாக. "நான் எங்கயும் வரல கோல்பி. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. தனியா இருக்கறதும் பிடிச்சிருக்கு."

பாதிரியாருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சட்டியைக் கீழே வைத்தார்.

கோல்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிரெஸ்லர் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்குங்க சார். வீடு விக்கறதுக்கில்ல."

டார்லா கேக்கை வெட்ட ஆரம்பித்திருந்தாள். வெர்னா பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக் காகிதத் தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, பிரெஸ்லரிடம் நீட்டினாள். "வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. எடுத்துட்டுப் போங்க."

பிரெஸ்லர் கைகளை இறக்கினார். அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தட்டை வாங்கிக்கொண்டு, தொப்பியை லேசாகத் தொட்டு, கோழிகளை மிதிக்காமல் முற்றத்தைக் கடந்து போய்விட்டார்.