தப்பாகச் சுருக்கிய கணக்கு

மாலா தெரிந்தேதான் விடையைத் தப்பாக எழுதினாள். மேலே x⁵y², கீழே x²y⁵. x-இல் ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று, அது மேலே நிற்கும். y-க்கு மிச்ச மூன்றும் கீழேதான். அவளோ அதையும் தூக்கி மேலே வைத்து x³y³ என்று எழுதினாள். ஃபோட்டோ எடுத்து, பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் புருஷன் ஜெகதீஸ்வரனுக்கு அனுப்பிவிட்டு, வாசல் மணலில் காயும் நெத்திலியைப் புரட்டப் போனாள்.

இருபத்தாறு வயதில் பத்தாவது கணக்குப் பரீட்சையைத் தனித்தேர்வராக மறுபடி எழுதப் போகிறாள். லைட்ஹவுஸ் குப்பத்து அங்கன்வாடியில் உதவியாளர் வேலை ஒன்று காலியாகப் போகிறது. "நீ பாஸாயி அந்த வேலைல சேந்துக்க. நான் காண்ட்ராக்ட்ட முடிச்சிக்கினு வந்து நம்மூரு ஏரியிலயே எறா புடிக்கறேன்" என்று கிளம்பும்போது சொல்லியிருந்தான். கல்யாணமாகி எட்டாம் மாதம் ஃபிளைட் ஏறியவன்.

பள்ளிக்கூடத்தில் அவன் கணக்கில் புலி. சரியான விடை அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். தப்பாக அனுப்பினால் கரையேறியதும் ஃபோன் வரும். வீட்டுப் பேச்சென்றால் இரண்டு நிமிஷத்தில் ஊமையாகிவிடுகிறவன், அடுக்குக்குறி விதி என்றால் அரைமணி நேரம் பேசுவான். இந்தச் சூட்சுமத்தை முதல் மாதமே பிடித்துக்கொண்டாள், கள்ளி. அந்தக் குரல் கேட்காத நாளில் அவளுக்கு வீடே பிடிக்கவில்லை.

மத்தியானம் ஃபோன் அடித்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இன்னா மாமா, தப்பா?"

அவன் இன்று விதி எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு மாசமா ஒரே மாரி தப்பு பண்ற, மாலா. கோவமெல்லாம் இல்ல. கணக்கு வரலன்னா வுடு, அந்த அங்கன்வாடி வேலயும் வேணாம். காண்ட்ராக்ட்டு இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கறியான்னு முதலாளி கேட்டாரு. சாய்ந்திரம் கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டேன்."

அவள் நெத்திலிக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும் மாமா."

"சும்மா ஆறுதலுக்கு சொல்லாத."

"கேட்டுப் பாரு."

"மேல எக்ஸ் அடுக்கு ஏழு, ஒய் அடுக்கு நாலு. கீழ எக்ஸ் அடுக்கு ஒம்போது, ஒரு ஒய்."

"மேல ஒய் அடுக்கு மூணு. கீழ எக்ஸ் அடுக்கு ரெண்டு."

"அடைப்புக்குள்ள எக்ஸ் அடுக்கு மூணு, வெளிய அடுக்கு ரெண்டு. கீழ எக்ஸ் அடுக்கு ஆறு."

"ஒன்னு."

மாலா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்குடி தப்பு தப்பா அனுப்புன?"

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"தப்பா அனுப்புனாதான நீ பேசுற."

தூரத்தில் யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

"கையெழுத்து கெடக்கட்டும். இன்னொன்னு சொல்றேன். பெரிய கணக்கு. எழுதிக்க."

நோட்டு உள்ளே இருந்தது. எழுந்து போனால் ஒரு சொல் தப்பிவிடும். மாலா நெத்திலியை ஒதுக்கிவிட்டு, மணலில் விரலால் ஒரு நீளக் கோடு இழுத்தாள்.