சோம்பேறி என்று சொன்னார்கள்

1937ஆம் வருஷம் பங்குனியில் வைதேஹி டீச்சரைக் கணக்கு வகுப்பிலிருந்து எடுத்துத் தையல் வகுப்பை மேற்பார்வை பார்க்கப் போட்டார்கள். மலைக்கோட்டைக்குக் கிழக்கே இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பல வருஷமாக அல்ஜீப்ரா நடத்தியவள் அவள். பி.ஏ. படித்து வேலைக்குப் போன வைஷ்ணவப் பெண்கள் அப்போது ஸ்ரீரங்கத்தில் அபூர்வம். அவளைப் பார்த்துத்தான் அவள் குடியிருந்த உத்தர வீதியில் சில தகப்பன்மார் தங்கள் பெண்களின் படிப்பை நிறுத்தாமல் விட்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவளின் உடம்பு ஒரு வருஷமாக அவள் பேச்சைக் கேட்கவில்லை. முகம் உப்பியது. குரல் கரகரத்தது. கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்றுவிடுவாள். அடுத்த வரி நினைவுக்கு வராது. ஊரே விசிறியும் கையுமாக இருந்த வெயிலில் அவள் மட்டும் சால்வை போர்த்திக்கொண்டாள்.

"சம்பளம் வாங்கற திமிர். உடம்பு வணங்கலை, சோம்பேறி" என்று உறவில் பேசினார்கள். சோகை என்று சொல்லி லேகியம் கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவன் பராசரன் ஒரு நாளும் அவளைச் சோம்பேறி என்று சொன்னதில்லை. ஆனால் வைதேஹியே அதை நம்ப ஆரம்பித்திருந்தாள். தையல் வகுப்பு என்றதும் அவள் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தது பராசரனைப் பயமுறுத்தியது. மறுநாளே அவளை உறையூரில் இருந்த லேடி டாக்டர் டோரதியிடம் அழைத்துப் போனான்.

டோரதி அவளை நாற்காலிமேல் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் யோசித்து யோசித்துத்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. டாக்டர் மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தொண்டைக்கு முன்னாடி ஒரு சுரப்பி இருக்குங்க. தைராய்டுன்னு பேரு. அதுல ஊறுற சாரம் நேரா ரத்தத்துல கலக்கும், ஹார்மோன்னு சொல்வோம். இதயம் எவ்வளவு வேகமா அடிக்கணும், சாப்பாடு எப்படிச் சூடா மாறணும், மூளை எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கணும், எல்லாத்துக்கும் அங்கேர்ந்துதான் உத்தரவு போகணும். உங்களுக்கு அந்தச் சுரப்பி வத்திப் போச்சு."

"அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"யாருங்க சொன்னது? உத்தரவே வராத உடம்பை இழுத்துக்கிட்டு தினமும் காவேரியைத் தாண்டி வேலைக்கு வந்திருக்கீங்க. உங்களை மாதிரி உழைப்பாளிய நான் பார்த்ததில்லை."

வைதேஹி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மருந்து உண்டு. மெட்ராஸிலேர்ந்து வரவழைக்கணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஆட்டோட தைராய்டை உலர்த்திப் பொடி பண்ணின மாத்திரை அது. ஆயுசு முழுக்கச் சாப்பிடணும்."

பராசரனின் முகம் வெளுத்தது. "செடி, கொடியிலேர்ந்து ஏதும் கிடையாதா?"

"இல்லீங்க. மறைச்சுக் கொடுத்திருக்கலாம். ஆனா உள்ளே போறது என்னன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லையா?"

ஜட்காவில் வீடு திரும்பினார்கள். பாலத்தின்மேல் வண்டி ஏறியதும் வைதேஹி கரகரத்த குரலில் சொன்னாள்:

"ஏன்னா, நான் சாப்பிடப் போறேன். வெறுமனே உயிரோட இருந்தா போறாது. நான் நானா இருக்கணும். ஆட்டு மாத்திரை சாப்பிடற கையால பெருமாளுக்குப் படைக்கற தளிகையை இனிமே நான் தொடலை. நீங்க பண்ணுங்கோ."

"எனக்குப் புளி கரைக்கக்கூடத் தெரியாதே!"

"நான் தள்ளி உட்கார்ந்து சொல்றேன்."

 "சரி, புளி கரைச்சு ஒரு சாத்தமுது வைக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றான் பராசரன்.

முதல் வாரம் அடுப்படி புகைந்து கறுத்தது, சாதம் குழைந்தது. டோரதி நாடியைப் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். சித்திரை நடுவில் ஒரு மத்தியானம், வைதேஹி சமையலறை வாசலுக்கு ஓடி வந்தாள்.

"இங்கே பாருங்கோ! எனக்கு வேர்க்கறது!"

நெற்றியில் முத்து முத்தாக நின்ற வேர்வையைத் துடைக்கவிடாமல் பராசரன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது முகத்தின் வீக்கம் வடிந்து, குரல் தெளிந்திருந்தது. தலைமையாசிரியை தயங்கினார். "இந்த வருஷமும் தையலே இருக்கட்டுமே."

"பெரிய வகுப்புக்கு ஒரே ஒரு பாடம் நடத்தறேன். நீங்க பின்னாலே உட்கார்ந்து கேளுங்கோ. அப்புறம் முடிவு பண்ணுங்கோ."

அன்று அவள் இருபடிச் சமன்பாடு நடத்தினாள். சாக்பீஸ் எங்கும் நிற்கவில்லை. ஒரு பெண் புரியவில்லை என்றதும் அதையே வேறு வழியில் போட்டுக் காட்டினாள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை வகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போனார்.

மாத்திரை விஷயம் எப்படியோ வீதிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, தாயார் சன்னிதியிலிருந்து இருவரும் வரும்போது உறவுக்காரி வேதவதி மாமி வழிமறித்தாள்.

"ஆட்டு மாத்திரை சாப்பிடறயாமே? நிஜமா?"

"ஆமாம் மாமி. தினம் காலம்பற" என்றாள் வைதேஹி, குரலைத் தணிக்காமல்.

நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படும் பராசரன் முன்னால் வந்தான். "அவளைச் சோம்பேறின்னு சொன்னேளே மாமி, அது சோம்பல் இல்லை, வியாதி. அதை ஜெயிச்சுட்டா என் ஆத்துக்காரி. தளிகை இப்போ நான்தான். ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பாருங்கோ."

மாமி சாப்பிட வரவில்லை. ஆனால் அடுத்த ஆனியில் தன் கடைசிப் பெண்ணை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வைதேஹி டீச்சரிடம்தான் கணக்குப் படிக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் பிடிவாதமாகச் சொன்னாள்.