பெரியகடை விலாசம்

குடலிறக்க ஒப்பரேசன் செய்த பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்கள். ஆனால் வீடு ஆசுபத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டும். மதலேனாவின் வீடோ தூரத்து முள்ளிக்குளத்தில். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தவளுக்குப் பால் கட்டி மார்பு கொதித்தது. ஆசுபத்திரிக்குப் பக்கத்தில், மன்னார் பெரியகடையில் இருக்கும் தமக்கை கிறேஸின் விலாசத்தையும் போன் நம்பரையும் தன்னுடையதென்று அங்கே கொடுத்துவிட்டு, மகன் பஸ்ரியனைத் தூக்கிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கிறேஸ் தடுக்கவில்லை. தங்கச்சிக்காகச் சொல்லும் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லை என்பது அவளுடைய சொந்த வேதம். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணமே செய்கிறார்கள், ஒரு விலாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது!

பொழுதுபட ஆசுபத்திரித் தாதி கிறேஸுக்குப் போன் எடுத்தாள்.

"பஸ்ரியன்ர அம்மாவோ?"

"ஓம் மிஸ்."

"பிள்ளை சத்தி எடுத்தவனோ?"

"இல்லை மிஸ். குடிச்ச கஞ்சி வெளியில வரேல்ல, படுத்திட்டான்."

"சலம் போனவனோ? மூத்திரம்?"

கிறேஸ் தயங்கவேயில்லை. "ஓம், ரெண்டு தரம்."

"அப்ப சரி. போகாட்டி உடன கொண்டுவரச் சொல்லத்தான் எடுத்தனான்."

போனை வைத்த பிறகுதான் 'போகாட்டி' என்ற அந்தச் சொல் குத்தியது. கிறேஸ் தங்கச்சிக்குப் போன் அடித்தாள். தங்கச்சியின் குரலுக்கு முதல் பஸ்ரியனின் அழுகைதான் கேட்டது.

"அக்கா, வந்ததில இருந்து இவன் சலம் போகேல்ல. அடிவயிறு கல்லாக் கிடக்கு, தொட விடுறானில்லை. இவரும் கடலுக்குப் போயிட்டார். நான் என்ன செய்ய?"

இனிப் பஸ் இல்லை. அந்தக் காட்டு றோட்டில் இருட்டினால் யானை நிற்கும், ஓட்டோக்காரரும் வரமாட்டார்கள். கிறேஸுக்குத் தங்கச்சியில் ஆத்திரம் வந்தது. அதைவிடத் தன் நாக்கை அறுத்தெறியலாம் போலிருந்தது. ஆசுபத்திரிக்குப் போன் எடுத்தாள்.

"மிஸ், பஸ்ரியன் சலம் போகேல்ல. வயிறு கல்லு மாதிரி இருக்குதாம்."

"இப்பதானே ரெண்டு தரம் எண்டனீங்கள்?"

"பொய் சொல்லிப்போட்டன் மிஸ்."

"சரி, பயப்பிடாதேங்கோ. பெரியகடைதானே, ஓட்டோ பிடிச்சு உடன வாங்கோ. டொக்டர் நிக்கிறார்."



"மிஸ்... நான் அவன்ர பெரியம்மா. பிள்ளை முள்ளிக்குளத்தில."

மறுபக்கத்தில் தாதி யாரையோ கூப்பிட்டு, அம்புலன்ஸ் வெளிக்கிடவேணும் என்று சத்தம் போடுவது கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அது போய்ச் சேருமட்டும் பிள்ளைக்கு என்ன செய்யவேணும் எண்டு நான் சொல்லவேணும்."

"சொல்லுங்கோ மிஸ், நான் சொல்லிவிடுறன்."

"உங்களிட்ட இல்லை. தாயின்ர நம்பரைத் தாங்கோ."