மூலைக்கு ஒரு கூடு

சாலமோன் புஞ்சை வேலியின் தென்கிழக்கு மூலைக் கூட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. ஆறு நாள் அடைமழையில் ஊரில் நட்டு வைத்தது எல்லாம் சாய்ந்துவிட்டது. கோயில் பந்தல்கால், கமலைக் கிணற்றுத் தூண், திருச்சுழி தாலுகா ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்து ஊன்றிய அறிவிப்புப் பலகை, எல்லாம் ஆளுக்கொரு திசையில் தலை சாய்த்து நின்றன. அவனுடைய நான்கு மூலை மட்டும் நிமிர்ந்து இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஊரில் ஒருவருக்கும் மனசில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை.

கம்பி வலைக்குள் கையை விட்டுத் துழாவினான். நடுவில் ஒரு பொந்து இருந்தது. நேற்று அந்த இடத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கருவேலங்கட்டை இருந்தது.

"ஏளா பிலோமி."

குடிசைக்குள் இருந்து புகைதான் முதலில் வந்தது. பிறகு அவன் பெண்சாதி வந்தாள்.

"இதுல கை வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? இது வெறகு இல்ல. போஸ்ட்டு."

"அடுப்புக்குத் தெரியுமா அது போஸ்ட்டுன்னு?" என்றாள் பிலோமி. "ஆறு நாளா ஈர மொளகாச்செடி மாற அடுப்புல வச்சு ஊதி ஊதிக் கண்ணு அவிஞ்சு போச்சு. உங்களுக்குச் சுடுகஞ்சி வேணும், போஸ்ட்டும் நிக்கணும்னா நான் என்னத்த வச்சுப் பொங்க?"

அவன் கஞ்சிச் சட்டியை வாங்கிக்கொண்டான். கஞ்சி சூடாகத்தான் இருந்தது.

கரிசலில் வேலி போடுவது வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாத எரிச்சல். கோடையில் நிலம் ஒரு கை உள்ளே போகிற அளவு வெடிக்கும். வெடிப்பில் கம்பு ஆடும். மழை விழுந்தால் அதே மண் உப்பி, ஈறு பல்லைத் தள்ளுகிற மாதிரி கம்பை வெளியே தள்ளிவிடும். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அதே கதிதான். அதனால் இந்தப் பக்கம் யாரும் கம்பு ஊன்றுவதில்லை, உடைமரத்து முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டுவிடுவார்கள். உலகச் சண்டை வந்த பிறகு அதற்கும் வழியில்லாமல் போனது. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்ததும், கருவேலும் உடையும் மூட்டம் போட்டுக் கரியாகிக் காரியாபட்டி ரோட்டுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த முள்வேலியை இரவோடு இரவாக யாராவது உருவி அடுப்பில் வைத்தார்கள். சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் மரம் முளைத்துவிடவில்லை.

போன வருஷம் பட்டாளத்தில் இருந்து திரும்பிய கையோடு சாலமோன் மூன்று ஏக்கரில் பருத்தி போட்டான். நாலிலைப் பருவத்தில் நல்லகண்ணுவின் முப்பது வெள்ளாடும் ஒரே மத்தியானத்தில் மேய்ந்து முடித்தன. நல்லகண்ணு அடுத்த புஞ்சைக்காரர். பஞ்சாயத்தில், "ஆட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, எவன் புஞ்சைன்னு பாக்க?" என்று கேட்டுவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷத்தை பிலோமிதான் ஓட்டினாள். பாளையம்பட்டியில் நெசவுக்காரர் சென்னய்யா வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். பிறகு நூலே வராமல் அந்தத் தறியும் நின்றது. மூணாறில் கங்காணியாக இருந்த அவளுடைய அண்ணன் மரியராஜ் தோட்ட வேலைக்கு வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான். தைக்குள் பதில் வேண்டும் என்றான். இந்தப் பருத்தி வீடு வந்து சேர்ந்தால் இங்கே இருக்கலாம். சேராவிட்டால் தேயிலைக்காட்டில் அட்டைக்கடி. சாலமோன் அசாமில் போதுமான அட்டைக்கு ரத்தம் கொடுத்திருந்தான்.

அசாமில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கூடு. மலை சரியாமல் ரோட்டைக் காக்க, கம்பி வலையைப் பெட்டியாக மடக்கி உள்ளே ஆற்றுக்கல்லை நிரப்பி வைப்பார்கள். தோண்டுவதே கிடையாது. கனத்தால் நிற்கும். மதுரையில் பட்டாளச் சாமான் ஏலம் போட்டபோது இரண்டு சுருள் வலையும் முள்கம்பியும் எடுத்து, கரி பஸ்ஸின் மேல் கட்டிக்கொண்டு வந்தான். கல்லுக்குத்தான் வழியில்லை. இந்தச் சீமையில் காக்கையை விரட்ட ஒரு கல் எடுக்க வேண்டுமென்றாலும் ஒரு மைல் நடக்க வேண்டும். வரப்பில் மிச்சமிருந்த இரண்டு கருவேல மரத்தையும் வெட்டினான். பனந்துண்டுகளைக் கிடையாகப் போட்டு, கரையான் ஏறாதபடி அதன்மேல் கூட்டை நிறுத்தி, கட்டைகளை நெருக்கி அடுக்கினான். உச்சியில், மழை பக்கத்தில் இறங்காதபடி தொங்கும் பனையோலை. நெஞ்சு உயரம். ஒவ்வொன்றும் அரை வண்டி விறகு. கூட்டுக்குக் கூடு மூன்று வரிசை முள்கம்பியைக் கடப்பாரை போட்டு முறுக்கி இழுத்தான். சுண்டினால் ஓசை வந்தது.

நல்லகண்ணு வந்து பார்த்தார். "என்னலே சாலமோனு, நாலு கூடு அடிச்சிருக்க. கோழி எத்தன வாங்கப்போற?" என்றார். ஆனால் அவருடைய ஆடுகள் கம்பி வரை வந்து மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிப் போயின. அது போதும் என்று இருந்தது சாலமோனுக்கு.

பொந்தில் வேறு கட்டை வைத்து அடைத்துக்கொண்டிருந்தபோது நல்லகண்ணு வீட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பிலோமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினாள். நல்லகண்ணுவின் பெண்சாதி வெள்ளைத்தாய் எட்டு நாளாகக் குளிர்காய்ச்சலில் கிடந்தாள். கொயினா மாத்திரை தீர்ந்துபோய் நான்கு நாள் ஆகியிருந்தது. பிலோமி திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாள். அவளாகச் சொல்லட்டும் என்று இவன் நின்றான்.

"போய்ட்டா," என்றாள்.

வெயில் ஏறவேண்டிய நேரத்தில் தூறலோடு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ராஜகுரு, இறந்தவளின் தம்பி. பின்னால் நல்லகண்ணு. அவர் கம்பிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். சாவு வீட்டுக்காரன் விறகு கேட்டு வாய் திறக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். வீட்டுக்கு ஒரு கட்டை தானாக வந்து சேரும். யாரும் விலை சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. கிறிஸ்தவ வீடுகளும் கொடுத்துத்தான் வந்தன. இந்தத் தடவையும் வீட்டுக்கு ஒன்று வந்திருந்தது, எல்லாம் நனைந்த கட்டை.

"ஊரெல்லாம் பாத்துட்டோம்," என்றான் ராஜகுரு. "எருவாட்டியெல்லாம் கரைஞ்சு கூழாக் கெடக்கு. வெறகப் புழிஞ்சா தண்ணி வருது. ஊருக்குள்ள காஞ்ச கட்டைன்னா உங்கிட்டத்தான்."

சாலமோன் நான்கு மூலையையும் பார்த்தான். உள்ளே பருத்தி சாண் உயரம் வந்திருந்தது, மழையில் கழுவின இலைகள். கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்டான்.

"எங்க ஆளுக மாதிரி இந்த ஒரு தடவ பொதைச்சா என்ன?"

ராஜகுருவின் முகம் மாறியது. ஆனால் நிதானமாகவே சொன்னான். "அதயும் பாத்தாச்சு. ரெண்டு எடத்துல தோண்டினோம். தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. கரை சரிஞ்சு மம்பட்டிய முழுங்குது."

நல்லகண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார். "அவ தண்ணிக்குள்ள கெடக்க வேணாம்ப்பா."

ஒரு வருஷத்துக்கு முன் பஞ்சாயத்தில் பேசிய வாய் இதுதானா என்று சாலமோன் பார்த்தான். அதே வாய்தான். அவனுக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. திட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது, விலை கேட்கவும் முடியாது. இவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தனுக்காவது விறகை நனையாமல் வைக்கத் தெரியவில்லை. அதற்குத் தண்டனை, வைக்கத் தெரிந்தவனுக்கு.

"எவ்வளவு வேணும்?"

"ஒரு வண்டி."

பிலோமி அவனைக் குடிசை ஓரத்துக்கு இழுத்தாள். "மேக்க இருக்குற ரெண்டயும் முழுசாக் குடுத்துருங்க. அவுக ஆடு வாரது கெழக்க. கெழக்க ரெண்டும் நிக்கும். மேக்க நான் கம்ப வச்சிக்கிட்டு உக்காந்துக்கிறேன்."

"ரெண்டு மூல போனா அது வேலியா?"

"நாலும் போறதுக்கு ரெண்டு போகட்டும்."

"எதுவும் போகாது. நாலுலயும் பாதிப் பாதி எடுப்போம். ஒண்ணும் காலியாகாது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "எண்ணெயப் பாதியா ஊத்திக்கிட்டு ரெண்டு வெளக்கு ஏத்துற கணக்கு இல்ல இது," என்றாள். அவன் ஏற்கனவே நடந்துவிட்டிருந்தான்.

ராஜகுரு வண்டியோடு கூட்டிவந்த ஆட்கள் அரிவாளால் வலையை வெட்டப் போனார்கள். சாலமோன் தடுத்து, தானே ஓலையை நீக்கி, மூடி போல மடக்கியிருந்த வலையின் முறுக்கைக் குறடால் அவிழ்த்தான். கட்டைகள் உலர்ந்திருந்தன. தட்டினால் டங்கென்று கேட்டது. ராஜகுரு ஒரு கட்டையைக் கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டு, "வைரம் பாஞ்ச கட்டை," என்றான். அதில் பாராட்டு இருந்தது. அந்த நேரத்தில் சாலமோனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தன் மீதே வெறுப்பு வர அதுவும் ஒரு காரணமானது. நான்கு கூட்டிலும் தொடையளவுக்கு மேல் இருந்ததை எடுத்து வண்டி நிறைய அடுக்கி, கித்தானால் மூடினார்கள். நல்லகண்ணு போகும்போது அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கும்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் அந்தக் கை பாதியில் இறங்கிவிட்டது. பிலோமி அவர்கள் பின்னால் சாவு வீட்டுக்குப் போனாள்.

வண்டி ஓடைத் திருப்பம் போவதற்குள் வடகிழக்குக் கூடு நகர்ந்தது. சத்தமே இல்லை. கரி பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்து ஆள் மேல் சாய்கிற மாதிரி, பனந்துண்டுகளின் மேல் வழுக்கி உள்பக்கமாக ஒரு முழம் வந்து நின்றது. கடப்பாரை போட்டு முறுக்கிய கம்பி இத்தனை நாள் இழுத்துக்கொண்டேதான் இருந்தது. முழுக் கனம் இருந்தவரை கூடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இப்போது கொடுத்தது. சாலமோன் ஓடிப்போய் அதைப் பிடிக்கும்போது தென்கிழக்கு நகர்ந்தது. அதைப் பார்க்கத் திரும்பினால் மேற்கே இரண்டும் நகர்ந்திருந்தன. மூன்று வரிசைக் கம்பியும் துவைத்துக் காயப்போட்ட கொடி மாதிரி முழங்கால் அளவுக்குத் தொங்கின.

இரண்டு கூட்டைக் கொடுத்திருந்தால் இரண்டு நின்றிருக்கும். அதை இனி அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணை அள்ளிப் போடலாமா என்று ஒரு மம்பட்டி அள்ளிப் பார்த்தான். வலைக்கண் வழியாகப் பசை போல வழிந்து வந்தது. ஆள் கூப்பிடலாம் என்றால் ஊரில் ஆண்கள் எல்லாரும் ஓடைக்கரைச் சுடுகாட்டில் நின்றார்கள். அவன் குடிசைக்கும் கிழக்கு வேலிக்கும் நடுவில் வேலையில்லாமல் இரண்டு தடவை நடந்தான். அப்போதுதான் ஆடுகளின் சத்தம் கேட்டது. மூன்று நாளாகப் பட்டியை விட்டு வெளியே வராத பசி அந்தச் சத்தத்தில் இருந்தது. சாவு வீட்டில் யாரோ பட்டியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். மேய்க்க ஆள் இல்லை. மேய்த்த வெள்ளைத்தாயைத்தான் அந்த விறகோடு சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

வண்டிப்பாதையில் முதலில் கிடா வந்தது. பின்னால் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மற்றவை.

சாலமோன் தென்கிழக்குக் கூட்டுக்கு உள்பக்கம் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பாதிக் கனம்தானே, நகர்ந்தது. கிழக்குக் கம்பி மெல்ல மேலேறி இறுகியது. தோளை எடுத்தான். கூடு திரும்ப வழுக்கியது. மறுபடி தள்ளினான். இந்தத் தடவை தோளை எடுக்காமல், ஒரு காலை வலைக்கண்ணில் ஊன்றி ஏறி, திறந்திருந்த மேல்வாய் வழியாக உள்ளே விழுந்து, மிச்சக் கட்டைகளின் மேல் உட்கார்ந்தான். முதுகை வெளிப்பக்க வலையில் சாய்த்து முழுக் கனத்தையும் கொடுத்தான். கூடு கிர்ரென்றது. நின்றது.

கொஞ்சம் அசைந்தால் கம்பி தளர்ந்தது. அசையாமல் இருந்தால் நின்றது. கட்டையின் வெட்டுமுனை தொடையில் குத்தியது. தூறல் நேராகத் தலையில் விழுந்தது.

கிடா கம்பி வரை வந்து நின்று, கூட்டுக்குள் இருக்கிற ஆளைப் பார்த்தது. மற்றவை வந்து அதன் இரண்டு பக்கமும் வரிசை கட்டின. அவற்றின் முதுகுகளுக்கு மேலே, ஓடைக்கரையில் தீ எழுந்துவிட்டது தெரிந்தது. புகையே இல்லை. காய்ந்த கருவேல் என்பதால் சிவப்பாக, நேராக, தூறலுக்கு அடங்காமல் எரிந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள் வெக்கை தாங்காமல் ஓரடி பின்னால் நகர்வது இங்கிருந்தே தெரிந்தது.

வரிசையில் ஒரு குட்டி மட்டும் முழங்காலை மடக்கிக் கீழ்க்கம்பிக்கு அடியில் தலையை விட்டது.

"சூ," என்றான் சாலமோன்.

குட்டி அவனைப் பார்த்தது. உடம்பை நெளித்து உள்ளே வந்தது. மேலே பட்ட சேற்றை உதறிவிட்டு, முதல் செடிக்குப் பக்கத்தில் நின்று முகர்ந்தது. அவன் கையெட்டும் தூரத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. அவன் எழுந்திருக்கவில்லை.